பேக்கரிச் சுவர்

ஜனவரி 4

மதிப்பிற்குரிய விஞ்ஞானி அம்மா அவர்களுக்கு,

பயப்படாதே, வீட்டில் எல்லோரும் நலம். உன் அண்ணன் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு, "போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷமே சண்டை போடுறீங்க. எழுதுங்க. எழுத்துல யாரும் குறுக்கே பேச முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். பதினோரு மாதம் கழித்து முதலில் வாய் திறந்தவள் நான்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். பின்னால் உதவும்.

விஷயத்துக்கு வருகிறேன். பொரிப்பகத்தின் நீளத் தொட்டியில் மறுபடியும் ஏதோ சரியில்லை. போன வருஷம் நாற்பது தாய் மீன்களில் இருபத்தேழு போனது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. மிச்சமிருந்த பதின்மூன்றின் குஞ்சுகளில் நல்ல கெண்டையாகப் பார்த்து அறுபதைப் பொறுக்கி, அதே தொட்டியில் வளர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த வருஷம் இவைதான் தாய். குளம் வைத்திருக்கிறவர்கள் பாதிப்பேர் என்னிடம்தான் குஞ்சு எடுக்கிறார்கள். இந்த அறுபதும் போனால் பொரிப்பகத்தைப் பூட்டிச் சாவியைக் குளத்தில் எறிய வேண்டியதுதான்.

நேற்று முதல் ஏழெட்டு இளசுகள் தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன், அங்கங்கே வெளுத்திருக்கிறது. போன வருஷம் பார்த்த அதே வெளுப்பு. கண் உள்ளே போயிருக்கிறது.

மருந்து ஏதாவது உண்டா, இல்லையா? அதை மட்டும் எழுது.

உன் ரப்பர் பூட்ஸ் இன்னும் கேட்டுக்கு வெளியே ஆணியில்தான் தொங்குகிறது. உள்ளே எடுத்து வைக்க மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் வரவில்லை.

அண்ணி

ஜனவரி 6

அண்ணி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பூட்ஸ் மட்டும்தான் கண்ணில் பட்டது. மூன்றாவது தடவைதான் மீன்கள் கண்ணில் பட்டன.

பூட்ஸை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அது ஒவ்வொரு வரியிலும் வந்து நிற்கும். போன வருஷம் எல்லோர் முன்னாலும், "உன் லேப்ல இருக்கிற கிருமியை பூட்ஸ்ல ஒட்டிக் கொண்டாந்து என் தொட்டில இறக்கிட்டே"ன்னு சொன்னீர்கள். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து பஸ் ஏறினேன். எங்கள் ஆய்வகத்தில் கிருமிநாசினியில் கால் முக்காமல் வாசலைத் தாண்ட முடியாது. உங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்றும் முக்கினேன். முக்கியிருப்பேன். பதினோரு மாதமாக அதையே நினைத்து நினைத்து, இப்போது அந்த ஞாபகம் நிஜமா, நானே செய்துகொண்டதா என்று தெரியவில்லை. இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மருந்து இல்லை, அண்ணி. நீங்கள் சொல்கிற அடையாளங்கள் வைரஸ்தான். வைரஸைக் கொல்கிற மருந்தைத் தண்ணீரில் கலக்க முடியாது. மீன் தானேதான் போராட வேண்டும். அது எப்படிப் போராடும் என்று சொல்கிறேன், என் வேலையே அதுதானே. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்து தன்னைப் பெருக்க ஆரம்பித்ததும், அந்த செல்லுக்குள்ளேயே இருக்கிற சில காவல் புரதங்கள் 'இது நம் வீட்டுச் சரக்கு இல்லை' என்று கண்டுபிடித்துவிடும். உடனே அந்த செல் இன்டர்ஃபெரான் என்ற ஒரு பொருளை வெளியே விடும். தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தால் அந்த வீட்டுக்காரி போடுகிற சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டதும் பக்கத்து செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். முதல் வீடு போனாலும் தெரு பிழைக்கும். மீன் பிறக்கும்போதே கொண்டுவருகிற காவல் இது. ஒரே ஒரு கிருமியை அடையாளம் வைத்து அடிக்கிற இரண்டாவது படையும் உண்டு, ஆனால் குளிர்ந்த தண்ணீரில் அது தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தாங்க வேண்டியது முதல் காவல்தான்.

இங்கே என்னுடைய பன்னிரண்டு தொட்டிகளிலும் இதே கதைதான். எல்லாவற்றிலும் இருபத்திரண்டு டிகிரி, அரை டிகிரி பிசகாது. கிருமி கொடுத்தால் இருபதில் பதினாலு செத்துப் போகின்றன. காவல் சத்தம் போடுகிறது, ஆனால் ஈனஸ்வரத்தில் போடுகிறது. ஏன் என்று ஒரு வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஒரு நாள் முழுக்கத் தொட்டி அருகில் உட்கார்ந்து பாருங்கள். நோயுற்றவை எங்கே நிற்கின்றன, எந்த நேரத்தில் நகர்கின்றன, தண்ணீர் எங்கெங்கே எத்தனை டிகிரி, எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் சுவரில் ஒட்டிய தெர்மோகோல் அப்படியே இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்களையும்தான்.

நாத்தனார்

ஜனவரி 10

நாத்தனாருக்கு,

மூன்று நாள் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இடுப்பு போய்விட்டது. உன் அண்ணன் டீ கொண்டுவந்து கொடுத்து, "மீனைப் பாக்குறியா, மீன் உன்னைப் பாக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்த ஆளோடு குடித்தனம் நடத்துகிறேன் பார்.

கேள். நோயுற்ற இளசுகள் பேக்கரிச் சுவரை ஒட்டியே நிற்கின்றன. தொட்டியின் அந்தக் குறுக்கு முனை பக்கத்துக் கடையின் அடுப்புச் சுவரோடு சேர்த்துக் கட்டியது, நீ பார்த்திருக்கிறாய். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பேக்கரிக்காரர் பன்னும் ரொட்டியும் சுடுகிறார். சுவரோரம் இருபத்தேழு டிகிரி. மறுமுனையில் இருபத்திரண்டு. தெளிவாக இருக்கிற மீன்கள் தொட்டி முழுக்கத் திரிகின்றன, உடம்பு சரியில்லாதவை மட்டும் சுவருக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்கின்றன. பன் வாங்க வந்தவர்கள் மாதிரி. வாசனைக்குத்தான் நிற்கிறதோ என்று கூட நினைத்தேன். சிரிக்காதே.

இதைக் கேள். திங்கட்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. அடுப்பு இல்லை, சுவர் ஆறிப்போனது. அன்று அவை வரிசை கலைந்து தொட்டி முழுக்கத் தேடித் தேடி அலைந்தன. சாயங்காலத்துக்குள் இரண்டு மிதந்தன. செவ்வாய் காலையில் அடுப்பு மூட்டினார். பத்து மணிக்குள் மறுபடி எல்லாம் சுவரோரம்.

இப்போது என் கேள்வி. போன வருஷமும் இப்படித்தான் நின்றன. "ஒரே மூலையில கூட்டமா நின்னா மூச்சு முட்டும், விரட்டுங்க அண்ணி" என்று நீதான் சொன்னாய். இப்போதும் விரட்டவா, விடவா? சீக்கிரம் சொல். பேக்கரிக்காரர் அடுப்பில் விரிசல் விட்டிருக்கிறதாம், பதினாலாம் தேதியிலிருந்து பத்து நாள் கடையைச் சாத்திவிட்டுக் கொத்தனாரை வைக்கப் போகிறார். நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

தெர்மோகோல் இல்லை. எப்படி இல்லாமல் போயிற்று என்பது தனிக் கதை. கேட்காதே.

அண்ணி

ஜனவரி 12

அண்ணி,

கடிதத்தைப் படித்த கையோடு அண்ணனுக்குப் போன் செய்தேன். "மீன்களை விரட்ட வேண்டாம், அடுப்பை அணைக்க விடாதே" என்று சொன்னேன். "எந்த அடுப்பை?" என்று நிதானமாகக் கேட்டான். சொல்லியிருப்பான் என்று நம்புகிறேன். உங்களிடம் பேசவில்லை. பேசியிருந்தால் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது.

நமக்குக் கிருமி வந்தால் உடம்பு தானே சூடேறும். காய்ச்சல் என்கிறோம். அந்தச் சூட்டில் முதல் காவல் வேகமாக வேலை செய்யும். மீனுக்கு அந்த வசதி இல்லை. தண்ணீர் எத்தனை டிகிரியோ உடம்பும் அத்தனைதான். அதனால் உடம்பு சரியில்லாத மீன் தானே நீந்திப்போய்ச் சூடான தண்ணீரைத் தேடி நிற்கும். நான்கைந்து டிகிரி கிடைத்தாலே அதன் செல்கள் போடுகிற சத்தம் பல மடங்காகும். உங்கள் மீன்கள் பன் வாசனைக்கு நிற்கவில்லை. காய்ச்சலை வரவழைத்துக்கொள்ள நிற்கின்றன.

இது புதிய விஷயம் இல்லை. படித்திருக்கிறேன். மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். விடைத்தாளில் இதைச் சரியாக எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் போன வருஷம் உங்கள் தொட்டிக்கு வந்தேன், தெர்மாமீட்டரைப் போட்டேன், ஒரு முனையில் இருபத்திரண்டும் மறுமுனையில் இருபத்தேழும் காட்டியதைப் பார்த்துப் பதறிவிட்டேன். எங்கள் இடத்தில் அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலே துறைத்தலைவர் நோட்டை முகத்தில் எறிவார். ஆகவே, இரண்டாம் நாளே பேக்கரிச் சுவரோரம் முழுக்கத் தெர்மோகோல் ஒட்டி, சுற்றுப் பம்பு ஒன்றைப் போட்டு, தொட்டி முழுவதையும் ஒரே சீராக்கினேன். முதுகைத் தட்டிக்கொண்டேன். ஆறாம் நாள் முதல் மீன் மிதந்தது.

அப்போதே அவை சுவரோரம் கூடிக்கொண்டிருந்தன, அண்ணி. நான் பார்த்தேன். நோயைப் பார்க்கவில்லை, கோணல் தொட்டியைப் பார்த்தேன்.

பூட்ஸுக்காகப் பதினோரு மாதம் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். செய்யாத தப்பைச் சொல்லிவிட்டீர்கள் என்று ஊரெல்லாம் புலம்பினேன். நான் செய்த தப்பை நீங்கள் சொல்லவே இல்லை. உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நேற்று உங்கள் முக்காலிக் கணக்கைப் படித்த பிறகு தெரிகிறது. கிருமியைக் கொண்டுவந்தது யாராக இருந்தாலும், அந்த மீன்களிடமிருந்து காய்ச்சலைப் பிடுங்கியது நான்தான். இருபத்தேழு மீன்.

மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. இப்போதைக்கு அந்தச் சுவர் ஆறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி முழுவதையும் சூடாக்க வேண்டாம். ஒரு முனை போதும். எப்போது போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

நாத்தனார்

ஜனவரி 24

ஏய்,

பன்னிரண்டு நாள் பதில் போடவில்லை என்று நீ எதையெதையோ நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் நீ நினைத்தது சரி. உன் கடிதத்தை மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டில் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணன் வீட்டுக்குள் நுனிக்காலில் நடந்தார். அந்த இருபத்தேழில் அரைவாலும் இருந்தாள், உனக்கு ஞாபகம் இருக்கும், என் கையிலிருந்தே தீனி எடுப்பவள். அவளுக்காக ஒரு மூச்சு அழுதேன். அது முடிந்தது.

அதற்குப் பிறகு எழுத நேரமில்லை. அடுப்பு வேலை. சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த பதிமூன்றாம் தேதியே, அந்தக் கோபத்தோடேயே பேக்கரிக்காரரிடம் மட்டும் போனேன். அவர் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டே நின்றார். "அம்மா, எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். உங்க மீனுக்குக் காய்ச்சல் வரணும், அதுக்கு நான் அடுப்பு எரிக்கணும். சரிதானே?"

"சரிதான்."

"எல்லாரும் காய்ச்சல் போகணும்னுதான் வருவாங்க."

"நான் வேற மாதிரி ஆளுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

விரிசல் விட்ட அடுப்பை இன்னும் பத்து நாள் எரித்தால் இடிந்து விழும் என்று கொத்தனார் சொல்லிவிட்டாராம். ஒரு தடவை வந்து மீனைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டேன். அப்புறம் பேக்கரிக்காரர் வந்து நம் தொட்டியை எட்டிப் பார்த்தார். வரிசையாக முதுகைக் காட்டி நிற்கிற இருபத்திரண்டு மீனைப் பார்த்தார். திரும்பிப்போய்க் கொத்தனாரிடம், "வெளிப்பக்கத்து அரையை முதல்ல கட்டுங்க, சுவர்ப் பக்கத்து அரை எரியட்டும்" என்று சொன்னார். பாதி அடுப்பில் பாதி பன் சுட்டார். திங்கட்கிழமை விடுமுறையையும் விட்டுவிட்டார். தினம் மூன்று தடவை வந்து, "என்ன, காய்ச்சல் நல்லா இருக்கா?" என்று விசாரிப்பார். 'இங்கே மனிதருக்கு ரொட்டி, மீனுக்குக் காய்ச்சல்' என்று கடை வாசலில் பலகை மாட்டட்டுமா என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

கணக்கு இது. அறுபது இளசுகளில் முப்பத்தொன்று சுவரோரம் போய் நின்றன. மொத்தம் ஐந்து செத்தன. திங்கட்கிழமை போன இரண்டையும் சேர்த்து. மற்றவை ஒவ்வொன்றாகச் சுவரை விட்டு நகர்ந்து, நேற்று தீனிக்கு ஒன்றையொன்று முட்டித் தள்ளின. ஒன்றை நான் கையால் தள்ளிப் பார்த்தேன், சுவரோரம் போ என்று. போகவில்லை. வேலை முடிந்தது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது தெர்மோகோல் கதை. கேட்காதே என்றேன், நானே சொல்கிறேன். போன வருஷம் நீ தட்டைத் தள்ளிவிட்டுப் போனாயே, அன்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நேரே தொட்டிக்குப் போனேன். நீ ஒட்டி வைத்த தெர்மோகோலைப் பார்த்தேன். அளவெடுத்து, கோடு போட்டு, என்ன ஒரு சுத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். பம்பையும் பிடுங்கி எறிந்தேன். மீனுக்காக இல்லை. உன் கை பட்ட ஒன்றும் அந்த இடத்தில் இருக்கக்கூடாது என்று. உன் அண்ணன் துடைப்பத்தோடு வந்து வெள்ளை உருண்டைகளைக் கூட்டி அள்ளினார்.

நீ போன அன்று வரை இருபத்தைந்து செத்திருந்தன. அதற்குப் பிறகு இரண்டுதான். மீதிப் பதின்மூன்றும் ஏன் பிழைத்தன என்று வருஷம் பூராவும் யோசித்தேன். தண்ணீர் மாற்றினதா, உப்புப் போட்டதா என்று. உன் கடிதத்தைப் பத்தாவது தடவை படிக்கும்போதுதான் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. உன் மேல் இருந்த கோபம்தான் அந்தப் பதின்மூன்றையும் காப்பாற்றியிருக்கிறது. உன்னோடு சமாதானமாகப் போயிருந்தால் நாற்பதும் போயிருக்கும். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? நானே சிரித்தேன். உன் அண்ணன் பயந்துவிட்டார்.

அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றபடி படித்துச் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டும் ஒரே காரணத்துக்காகத்தான்.

உங்களுக்குச் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். நானும் ஒரு நீளத் தொட்டி கட்டினேன். ஒரு முனையில் மட்டும் சூடு. துறைத்தலைவர் வந்து பார்த்து, "தண்ணி ஒரு சீரா இல்லாத தொட்டியில என்னம்மா ஆராய்ச்சி?" என்றார். "மீன்களைக் கேட்கிறேன் சார், அவற்றுக்கு எது வேணும்னு" என்றேன். எனக்கே ஆச்சரியம், அவரிடம் அப்படிப் பேசினது. உங்கள் காற்று அடித்திருக்கிறது.

இருபது மீன். இரண்டாம் நாளே நோயுற்றவை சூடான முனைக்குப் போயின. ஏழாம் நாள் திரும்ப ஆரம்பித்தன. நான்குதான் செத்தன. அந்த முனையில் நின்றவற்றின் துடுப்பில் துளி எடுத்துப் பார்த்தேன். சீரான தொட்டி மீன்களில் முனகிக்கொண்டிருந்த அந்தக் காவல், இங்கே ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துகிறது. இன்னும் இரண்டு தடவை செய்து பார்க்க வேண்டும், ஒரு தடவை நடந்ததை நம்பக்கூடாது. ஆனாலும் நோட்டில் அந்த எண்களை எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக இந்த வேலையில் எனக்கு இல்லாத சந்தோஷம்.

துறைத்தலைவர் எண்களைப் பார்த்துவிட்டு, "இந்த யோசனை எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார். "ஒரு முக்காலியில இருந்து" என்றேன்.

கட்டுரை எழுதும்போது உதவியவர் என்று உங்களைப் போட வேண்டும். பேக்கரிக்காரரையும். அவர் என்ன பொறுப்பில் வருவார் என்றுதான் குழப்பமாக இருக்கிறது.

பூட்ஸ் விஷயத்தில் ஒன்று பாக்கி. உங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று காலை எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கால் முக்கினேனா என்று எவ்வளவு யோசித்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. முக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பொய் சொல்லி ஜெயிக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

மார்ச்சில் எனக்குப் பத்து நாள் விடுமுறை. இங்கேயே இருந்து படிக்கலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 14

என் அசட்டு விஞ்ஞானிக்கு,

படிக்கலாம் என்று இருக்கிறாளாம். யாரிடம் சொல்கிறாய்?

பூட்ஸில் வந்ததோ, உன் அண்ணன் சந்தையில் வாங்கி நேரே தொட்டியில் விட்ட மூன்று மீனில் வந்ததோ, மழைத் தண்ணீரில் வந்ததோ, இனி யாராலும் சொல்ல முடியாது. நேற்றுதான் அந்த மூன்று மீனைப் பற்றி அவர் வாயைத் திறந்தார், அதுவும் வாய் நிறைய பன்னோடு. ஒரு வருஷம் அந்த மனுஷன் இதை மென்றுகொண்டு இருந்திருக்கிறார். நான் உன்னை எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு. நினைத்தது கூடத் தப்பில்லை, சொன்னதுதான் தப்பு. இதை நேரில் சொன்னால் பாதியில் சண்டை வந்துவிடும், அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.

அடுப்பு வேலை முடிந்தது. புது அடுப்பு பழையதைவிட நன்றாகக் காய்கிறது, சுவரோரம் இருபத்தெட்டு. இப்போது அங்கே ஒரு மீனும் இல்லை. ஐம்பத்தைந்து இளசுகளும் பழைய தாய்கள் பதின்மூன்றும் தொட்டி முழுக்கச் சுற்றுகின்றன. பேக்கரிக்காரருக்குத்தான் வருத்தம், "யாருக்கும் காய்ச்சலே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

மார்ச்சில் இளசுகளை நிறுத்துப் பார்க்க வேண்டும். வலையைப் பிடிக்க ஒரு ஆள் குறைகிறது. வரும்போது தெர்மாமீட்டர் கொண்டு வா, தெர்மோகோல் கொண்டு வராதே.

உன் பூட்ஸை இன்று ஆணியிலிருந்து எடுத்தேன். உள்ளே ஒரு சிலந்தி குடியிருந்தது, அதை வெளியே விட்டேன். கிருமிநாசினியில் நானே முக்கினேன், இரண்டு தடவை, தேதி போட்டு நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது தொட்டி அறைக்கு உள்ளே, பேக்கரிச் சுவரோரம் காய்கிறது.

உன் அண்ணி